பலராமன் செய்த மோட்டார்

மோட்டார் சுற்றவில்லை என்று பலராமன் வெளியே ஓடி வந்தபோது, நான் கம்பெனி ஷெட்டுக்கு எதிரே புங்க மரத்தடியில் அவன் செருப்புக்குக் காவல் உட்கார்ந்திருந்தேன். இன்டர்வியூவுக்கென்று நைனா படப்பையில் வாங்கிக் கொடுத்த புதுச் செருப்பு. உள்ளே போட்டுக்கொண்டு போகலாமா கூடாதா என்று தெரியாமல் கழற்றி என்னிடம் விட்டுப் போயிருந்தான். மூஞ்சியெல்லாம் வேர்வை. கொஞ்சம் உள்ளே வாக்கா, ஆபீசருங்க கூப்பிடுறாங்க என்றான்.

ஒரகடம் போகிற சாலையில் மோட்டார் கம்பெனி வருகிறதென்று எங்கள் மேட்டு நிலத்தை எடுத்திருந்தார்கள். நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை. வருகிறவர்கள் கையால் செய்த பொருள் ஒன்றைக் கொண்டுவந்து, அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் ப்ளஸ் டூவில் பிசிக்ஸ் எடுத்துப் பாசானவள் நான். பலராமன் பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்ட மகராசன். ஆனாலும் வேலை யாருக்கு என்று ஒரு பேச்சே எழவில்லை. நானாகத்தான் எழுப்பினேன். அம்மா காதில் விழாத மாதிரி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நைனா கோபப்படக்கூட இல்லை, அதுதான் எனக்கு எரிச்சல்.

"உனக்கு வாங்கிக் குடுத்தா அந்த வேல நாளிக்கி இன்னொருத்தன் வூட்டுக்குப் போயிடும் கங்கா. போனது நம்ம வூட்டு நெலம்" என்றார்.

ஆக, மோட்டாரை மட்டும் நான் செய்தேன். ஒரு பலகை, அதில் நட்ட இரண்டு ஊக்குகள், அவற்றில் மாட்டிய தாமிரக் கம்பி வளையம், அடியில் உடைந்த ரேடியோ ஸ்பீக்கரின் காந்தம், பக்கத்தில் டார்ச் பேட்டரிக் கட்டை. வளையத்தின் இரண்டு நுனியிலும் கம்பிப் பூச்சை ஒரு பக்கம் மட்டும் பிளேடால் சுரண்ட வேண்டும். நியூட்டன் விதி மூன்றையும் தம்பிக்கு ஊட்டினேன். சின்னப் பிள்ளையில் சோறு ஊட்டியபோதுகூட இவ்வளவு துப்பியதில்லை. விதியைக் கடகடவென்று ஒப்பிப்பான். இந்த மோட்டாரில் விசை எங்கேடா என்றால் டார்ச் கட்டையைத் தொட்டுக் காட்டுவான். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். நீயே போயேன்க்கா என்று ஒரு நாள் சொன்னான். நைனா வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொன்னான்.

உள்ளே மெட்ராஸ் ஆபீசர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மோட்டாரில் ஒரு கோளாறும் இல்லை. வளையத்தை முதலில் விரலால் சுண்டிவிட வேண்டும், பாவி அதை மறந்திருந்தான். சுண்டினேன். விர்ரென்று சுற்றியது. கண்ணாடி போட்டவர் அதை ஏன் சுண்ட வேண்டும் என்று என்னையே கேட்டார். நின்றது நின்றபடிதான் இருக்கும் சார், பூச்சுள்ள பக்கம் ஊக்கில் பட்டு நிற்கும்போது கரன்ட் ஓடாது, தள்ள ஆளில்லை என்றேன். சுண்டினால் சுரண்டின பக்கம் ஊக்கைத் தொடும், காந்தம் வளையத்தின் மேல்பக்கத்தை ஒரு திசையிலும் அடிப்பக்கத்தை எதிர்த்திசையிலும் தள்ளும், கரன்ட் இல்லாத அரைச் சுற்றை வந்த வேகத்திலேயே தாண்டிவிடும் என்றேன். கம்பியை இரண்டு மடங்கு சுற்றினால் இரண்டு மடங்கு சீக்கிரம் வேகம் எடுக்குமா என்றார் மற்றவர். கரன்ட் அதேதான் என்றால் விசையும் இரட்டிப்பு, கனமும் இரட்டிப்பு, அதனால் பழையபடிதான் சார் என்றேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கண்ணாடிக்காரர், வெறுங்காலோடு நின்ற பலராமன் பக்கம் திரும்பினார். "அக்கா நல்லா சொல்லிக் குடுத்திருக்காங்க. ஒண்ணாந் தேதி டியூட்டிக்கு வந்துடுப்பா."

"சார், எனக்கு வேல கெடைக்குமா?"

கேட்கவேண்டும் என்று நினைத்துப் போகவில்லை, வந்துவிட்டது. லேடீஸ் எடுக்கிறதில்லையேம்மா என்று தன்மையாகத்தான் சொன்னார். பலராமன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரே ஒரு தரம் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்திருந்தால் அவனை அவ்வளவு வெறுத்திருக்க மாட்டேன்.

அன்றைக்கு வீட்டில் கேசரி. பலராமன் செய்த மோட்டாரைப் பார்க்கத் தெருவே வந்து போனது. அம்மா அதற்குக் குங்குமம் வைத்துச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். கம்பெனியில் இன்னும் கேன்டீன் கட்டவில்லை, அதனால் மதியச் சோற்றைத் தூக்குச் சட்டியில் போட்டுக் கொண்டுபோவது என் வேலையாயிற்று. அதற்கு மட்டும் லேடீஸ் ஆகும்.

மழைக்காலம் முடிந்து ஒரு மதியம், கேட் கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்ற பலராமன் தூக்கைத் தொடவே இல்லை. பெரிய மோட்டார் ஒன்றை போல்ட் இறுக்காமலே டெஸ்டிங் மேசையில் வைத்து ஸ்விட்சைப் போட்டிருக்கிறான். அது துள்ளி, புரண்டு, கீழே விழுந்து வெளிக்கூடு விரிசல் விட்டது. ஏன் துள்ளியது என்று சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் யோசித்துவந்து சொல், தெரியாவிட்டால் நாளைக்கு வராதே என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். வேலை இன்னும் பர்மனன்ட் ஆகவில்லை.

"சொல்லுக்கா. வேல பூடும்."

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நான் பாட்டுக்கு வந்திருக்கலாம். சொல்லிக்கொடுத்தேன். உள்ளே இருக்கிற உருளையைக் கூடு ஒரு பக்கம் சுற்றித் தள்ளினால், உருளையும் கூட்டை அதே விசையில் எதிர்ப்பக்கம் தள்ளும். பிடித்துவைக்க போல்ட் இல்லையென்றால் கூடு புரளத்தானே செய்யும், மூன்றாம் விதி என்றேன். விழித்தான். கம்பிக்குள் கையை விட்டு அவன் முஷ்டி இரண்டையும் பிடித்து, வலதை ஒரு பக்கமும் இடதை எதிர்ப்பக்கமும் திருப்பிக் காட்டினேன். புரிஞ்சிடுச்சிக்கா என்றான். சங்கு ஊதியது. சோற்றை என்னிடமே விட்டுவிட்டு நடந்தான்.

நான் சொன்னதை முணுமுணுத்துக்கொண்டே போனான். ஷெட்டுக்குத் திரும்புகிற இடத்தில் நின்று, முஷ்டி இரண்டையும் முன்னால் நீட்டித் திருப்பிப் பார்த்தான். இரண்டும் ஒரே பக்கம் திரும்பின.

கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். நான் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் இன்னொரு தரம் திருப்பிப் பார்த்தான். அப்போதும் ஒரே பக்கம்தான். தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டு உள்ளே போனான்.