பூவம்மா டீச்சரின் ஏழு பருக்கள்

கற்பூரத்தை உள்ளங்கையில் ஏற்றி அணைத்துவிட்டுச் சொல்கிறேன்: இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. குறைத்துச் சொன்ன இடம் இருக்கலாம், கூட்டிச் சொன்ன இடம் கிடையாது.

ஐம்பத்தேழாம் வருடம் சிராங்கூன் சாலையில் அப்துல் அலீம் பாயின் ஸ்டூடியோவில் நான் படம் திருத்துகிறவன். நெகட்டிவில் பரு என்பது வெளுத்த புள்ளி. கூராகச் சீவிய பென்சிலால் அதை நிரப்பிவிட்டால், அச்சாகும் படத்தில் கன்னம் கழுவிய தட்டு மாதிரி வரும். நான் வழவழப்பாக்கிய கன்னங்களை வரிசையாக அடுக்கினால் தேக்காவிலிருந்து தீவின் மறுகோடி சுவா சூ காங் வரை நீளும்.

செம்பவாங்கில் தமிழ்ப் பள்ளி ஆசிரியை பூவம்மா. வயது இருபத்தொன்பது. அந்த வயதிலும் முகத்தில் பரு. கல்யாணம் ஆனால் போய்விடும் என்றார்கள் பக்கத்து வீட்டுப் பெண்கள். அது போகட்டும், பிறகு கல்யாணம் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். கஸ்தூரி மஞ்சள், ஜாதிக்காய், மலாய்க்கார அம்மா கொடுத்த குளிர்ச்சி மாவு, எல்லாம் பூசியாகிவிட்டது. வருடத்துக்கு ஒரு படம் எடுக்க வருவார். நான் திருத்துவேன். படம் போகும், பையன் வருவான். படத்தைப் பார்ப்பான், முகத்தைப் பார்ப்பான், மறுபடியும் படத்தைப் பார்ப்பான். கேசரித் தட்டு காலியாகும். ஜாதகம் பொருந்தவில்லை என்று ஒரு வாரத்தில் கடிதம் வரும்.

இப்படி நான்கு பேர். நான்கு பேரும் ஓடியதற்கு என் பென்சில்தான் காரணம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவர்கள் ஓடினால்தானே டீச்சர் திரும்பவும் ஸ்டூடியோவுக்கு வருவார்?

பருக்கள் ஏழு. பூதக்கண்ணாடி வழியே பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஒரு தீவின் பெயர் வைத்திருந்தேன். தாடையில் இருந்த பெரியது புலாவ் ஊபின். ஒரு முறை அதை அழித்த மறுநாள் காலை, அது என் மூக்கு நுனியில் வந்து உட்கார்ந்திருந்தது. அதே அளவு, வடக்கே லேசாகச் சாய்ந்த அதே வடிவம். அலீம் பாய் நெகட்டிவையும் என் மூக்கையும் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பார்த்து உறுதி செய்தார்.

படம் வாங்க வந்த டீச்சர் நின்று பார்த்தார்.

"உங்களுக்குமா அண்ணே? கை வைக்காதீங்க. தொட்டா இன்னும் ரெண்டு வரும் லா."

பதினொரு நாள் இருந்தது அந்தப் பரு. அவ்வளவு நல்ல பதினொரு நாட்கள் எனக்கு அதற்குப் பிறகு வாய்க்கவில்லை.

அறுபத்தொன்றில் ஈப்போவிலிருந்து ஐந்தாவது வரன். மருதப்பன், ரயில்வே குமாஸ்தா. அவசரமாகக் கேட்டார்கள். செம்பவாங்கிலிருந்து வந்து படத்தை வாங்கிப் போக நேரமில்லை, நேரே ஈப்போவுக்கே தபாலில் போட்டுவிடுங்கள் என்று டீச்சர் சொல்லிவிட்டுப் போனார். பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். கேசரித் தட்டுக்கு முன்னால் அவர் ஐந்தாவது தடவையும் தலைகுனிந்து நிற்பதை நினைத்தேன். வேண்டாம், இந்த ஆள் ஈப்போவிலிருந்தே வேண்டாமென்று எழுதட்டும். ஏழு தீவுகளையும் அப்படியே விட்டுப் படத்தை அச்சிட்டு உறையில் போட்டேன்.

அந்த ஆள் எழுதவில்லை. அடுத்த ரயிலிலேயே கிளம்பி வந்துவிட்டார். படத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். படத்தைப் பையில் வைத்துக்கொண்டு, கேசரி இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டாராம்.

பத்திரிகை வைக்க டீச்சர் தனியாக வந்தார். முகத்தில் ஏழும் இருந்தன.

"அழிக்க மறந்துட்டீங்களா?"

"மறக்கல டீச்சர்."

என் மேசையையும் பென்சில்களையும் பார்த்தார்.

"இத முதல் வருஷமே செஞ்சிருக்கலாம்," என்றார். அண்ணே என்று சேர்க்கவில்லை.

முதல் வருடமே செய்திருந்தால் ஐந்து வருடம் உங்களைப் பார்த்திருக்க முடியாதே என்று நான் சொல்லவில்லை. பஸ் வந்தது, ஏறிப் போனார். செம்பவாங் பஸ் எது வந்தாலும் வெகுநாள் வரை வாசலுக்கு வந்து நின்றேன்.

நான் எந்த ஸ்டூடியோவிலும் வேலை பார்த்ததில்லை. பருக்களை அழிக்காமல் விட்டவன் யார், ஏன் விட்டான் என்று தெரியாததால் அவனை நானே உண்டாக்கிக்கொண்டேன். ஈப்போவில் அந்த உறையைப் பிரித்த குமாஸ்தா மருதப்பன் நான்தான்.