காத்திருக்காத பிணம்

போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கியபடி, செத்துக் கிடந்த புருஷனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள் அவள்.

"அண்ணி, சாயங்காலம் வந்துடுறேன். அதுவரைக்கும் எடுத்துடாதீங்க. பாடைக்கு முன்தோள் நான்தான் குடுக்கணும்."

"உங்களை விட்டா யாரு இருக்கா தம்பி? சாவகாசமா வாங்க."

போனை வைத்துவிட்டு மகளிடம் திரும்பினாள். "வண்டியை இப்பவே வரச்சொல்லு."

"அவரு வர்றேன்னாரேம்மா?"

"வரட்டும். அதுக்குத்தாண்டி."

புருஷன் சட்டமன்றத்துக்குப் போனதே பிணம் தூக்கித்தான். தொகுதியில் எங்கே சாவு விழுந்தாலும் முன்தோள் அவருடையது. கேமரா வரும்வரை அவரும் வரமாட்டார்; பிணம் காத்துக் கிடக்கும். பக்கத்திலேயே நின்று கர்சீப் நீட்டிய உதவியாளன்தான் இப்போது போனில் பேசியவன். பாலம் கட்டுகிற காசில் இருவருமாகத்தான் வாய் வைத்தார்கள். மாட்டியதும் இவன் அப்ரூவராகி, சாட்சிக் கூண்டில் கண்ணைக் கசக்கிவிட்டு, அதே தொகுதியில் நின்று ஜெயித்தான். அவர் சிறைக்குப் போய் ஈரல் கெட்டுத் திரும்பினார். புருஷனை உத்தமர் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. தின்றது தின்றதுதான். ஆனால் ஒரே தட்டில் தின்றவன், வாயைத் துடைத்துக்கொண்டு இப்போது பிணத்துக்கும் பங்கு கேட்கிறான்.

அமரர் ஊர்தி வந்தது. அவரை ஏற்றினார்கள்.

"நீ ஏறலையாம்மா?"

"நீ போ. இங்க ஆள் வேணும், அவன்கிட்ட சொல்ல."

"வாட்ச்மேன் சொல்ல மாட்டாரா?"

"அவன் மூஞ்சியை வாட்ச்மேன் பாத்து எனக்கு என்னடி லாபம்?"

சாயங்காலம் மூன்று கார், நாலு கேமரா, லாரி டயர் அளவு மலர்வளையம். இறங்கும்போதே அழுகையைத் தொடங்கியிருந்தான்.

"அண்ணி! அண்ணன் எங்க?"

"போயிட்டாரு. இந்நேரம் எல்லாம் முடிஞ்சிருக்கும்."

"சொல்லியிருந்தேனே அண்ணி!"

"அவருக்குக் காத்திருந்து பழக்கமில்ல தம்பி. காக்க வச்சுத்தான் பழக்கம். கூடவே இருந்து கத்துக்கிட்டவரு நீங்க, உங்களுக்குத் தெரியாதா?"

கேமராக்காரன் ஒருவன் சிரித்துவிட்டான். கண்ணீரைத் துடைப்பதா விடுவதா என்று தெரியாமல் உதவியாளனின் கை பாதியில் நின்றது. அவள் அவசரப்படாமல், டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தவள்போல அந்த மூஞ்சியை முழுசாகப் பார்த்தாள்.

கார்கள் போனபின் மயானத்திலிருந்து மகள் போனில் கூப்பிட்டாள்.

"முடிஞ்சுதும்மா. கடைசியா முகம் பாக்கிறவங்க பாக்கலாம்னு சொன்னாங்க. நான் மட்டும்தான் இருந்தேன்."

"ம்."

கூடத்தில், அவரைக் கிடத்துவதற்காகச் சுவரோரம் ஒதுக்கிய சோபா அப்படியே கிடந்தது. தனியாளாக இழுத்துப் பழைய இடத்தில் போட்டாள். தரையிலிருந்த பழைய தடத்தில் சோபாவின் ஒரு கால் பொருந்தவில்லை. மறுபடி இழுத்தாள்.