பேட்டரிக்குப் போக வேண்டிய ஒயர்

என் தம்பிக்குப் பொறாமை என்று யாராவது சொன்னால் அவன் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு அடிக்க வருவான். அதனால் வெளியாட்கள் யாரும் சொல்வதில்லை. நான் அவனுக்கு மூத்தவள், அவனுக்கு மூக்கு சிந்திவிட்டவள், அதனால் சொல்கிறேன். அவனுக்குப் பொறாமைதான். அதுவும் கட்டின பெண்டாட்டி மேல். அவள் கெட்டிக்காரி என்பது அவனுக்கு முன்பே தெரியும். அதை இன்னொருத்தன் கண்டுபிடித்துவிட்டானே என்பதுதான் வயிற்றெரிச்சல்.

பைக் ரிப்பேர் ஷெட் எங்களுடையது. வாசலில் கவுண்டர். அதன் பின்னால் ஸ்டூல் போட்டு நான் உட்கார்ந்து பிளக், கேபிள், பல்பு விற்கிறேன். உள்ளே இன்ஜின் வேலை தம்பிக்கு, ஒயர் வேலை அவன் மனைவிக்கு. மல்டிமீட்டரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒயர் கட்டுக்குள் தலையை விட்டாள் என்றால் கோளாறைக் கையோடு பிடித்துக்கொண்டுதான் வெளியே வருவாள். வருகிறவர்களுக்கெல்லாம் அவள் ஒயரம்மா. தம்பி இன்ஜினைப் பிரித்துக் கிண்ணம் கிண்ணமாகப் பரப்பி வைத்திருக்கும்போது, "ஒயரம்மா இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் பைக்கைத் திருப்பிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. அன்று முழுக்க அவன் யாரோடும் பேச மாட்டான்.

இப்படி இருக்கும்போது மேம்பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து கண்ணாடி வந்து சேர்ந்தான். சோடாபுட்டி கண்ணாடி போட்டிருப்பான். பெயர் சொல்லித் திட்டக் கூச்சமாக இருந்ததால் தம்பி வைத்த பட்டப்பெயர் அது. கண்ணாடியின் கடையில் பைக்குகளுக்கு டியூனர் மாட்டுவார்கள். உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டி. வண்டியின் கம்ப்யூட்டருக்கும் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்ற கணக்கை மாற்றும். வண்டி பறக்கும். எல்லாமே ஒயர் வேலை. கண்ணாடி ஒரு நாள் எங்கள் ஷெட்டுக்கு வந்து, அவள் வேலை செய்வதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "நீங்க நம்ம கடைக்கு வந்துடுங்கம்மா. டியூனிங் பூராவும் நீங்களே பாத்துக்கங்க" என்று எங்கள் முன்னாலேயே கேட்டான். அவளுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. அடுத்த வாரக் கடைசிக்குள் சொல்கிறேன் என்றாள்.

தம்பி போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. போல்ட்டை மட்டும் வழக்கத்தைவிட அழுத்தி முறுக்கிக்கொண்டிருந்தான்.

எனக்கும் இதில் ஒன்றும் பிடிக்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நல்ல நாத்தனார் வேஷம் எனக்குப் பொருந்தாது. அவள் வருவதற்கு முன்பிருந்தே அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். எந்த வண்டிக்கு எந்தக் கேபிள் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். என்னை எந்தக் கண்ணாடியும் எட்டிப் பார்த்து, நீங்க வந்துடுங்கம்மா என்று கூப்பிடவில்லை. நேற்று வந்தவளுக்கு வாசல் தேடி வந்து அழைப்பு. காதில் புகை வராமல் என்ன செய்யும்?

அவள் கெடு சொன்ன வாரத்தின் வியாழக்கிழமை காலையில் அவள் கனெக்டர் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். எங்கள் பழைய வாடிக்கைக்காரர் பல் டாக்டர் வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார்.

"போன வாரந்தான் மேம்பாலத்துக்கு அந்தாண்ட டியூனர் மாட்டினேன். சும்மா அம்பு மாதிரி போச்சு. இன்னைக்குக் காலைல பாருங்க, மஞ்ச லைட்டு அணைய மாட்டேங்குது. அவங்க ரேஸுக்குப் போய்ட்டாங்களாம், கடை பூட்டியிருக்கு. நீங்கதான் பாத்துக் குடுக்கணும்."

தம்பியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாணத்தன்றுகூட அவன் அப்படிச் சிரிக்கவில்லை.

"வச்சிட்டுப் போங்க டாக்டர். யார் என்ன கூத்து பண்ணி வச்சிருக்கான்னு பாத்துடறேன்."

டாக்டர் ஆட்டோ பிடித்துக் கிளினிக்குக்குப் போனார். தம்பி வண்டியை லிஃப்ட் மேடையில் ஏற்றினான். சாவியைப் போட்டதும் மீட்டரில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்து அணைந்தால் வண்டி சுகமாக இருக்கிறது என்று அர்த்தம். அணையாமல் கண் சிமிட்டினால் ஏதோ புகார் சொல்கிறது. நீளமாகச் சிமிட்டினால் பத்து, குட்டையாகச் சிமிட்டினால் ஒன்று. கூட்டிப் புத்தகத்தில் பார்த்தால் எந்த இடத்தில் கோளாறு என்று இருக்கும். தம்பி உதட்டை அசைத்து எண்ணினான். ஆக்ஸிலேட்டர் பக்கத்து சென்சார் என்று வந்தது. டாங்கைத் தூக்கி அந்த சென்சாரின் கனெக்டரைப் பிடுங்கினான். உள்ளேயிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்தது.

நான் டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டேன். நேற்று மாலை வாட்டர் வாஷ் கொடுத்தாராம். பிரஷரில் பீய்ச்சி அடித்தார்களாம். பல்லை அவ்வளவு பதமாகச் சுத்தம் செய்கிறவர் வண்டியை அப்படிக் குளிப்பாட்டியிருக்கிறார்.

தம்பி கம்ப்ரஸர் காற்றை அடித்துக் காய வைத்து, திரும்பச் சொருகினான். சாவியைப் போட்டான். விளக்கு எரிந்தது, அணைந்தது. வேலை முடிந்தது.

முடிந்ததில் அவனுக்குத்தான் சந்தோஷம் இல்லை. கண்ணாடியின் கடை வேலையில் ஒரு குறையும் இல்லையே! டார்ச்சை எடுத்துக்கொண்டு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினான். டியூனரிலிருந்து போன ஒவ்வொரு ஒயரையும் விரலால் தடவிப் பார்த்தான். எங்கேயும் விறைப்பாக இழுத்துக் கட்டவில்லை, சூடாகும் பக்கம் ஒன்றுகூடப் போகவில்லை. ஒயர்களைச் சேர்த்துக் கட்டும் பிளாஸ்டிக் டையின் முனைகளைக்கூடக் கையைக் கீறாதபடி ஒட்ட வெட்டியிருந்தார்கள்.

"எவ்வளவு சுத்தமா பண்ணியிருக்கான் பாரு, நாசமாப் போறவன்" என்றான்.

"நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போயேன்டா" என்றேன்.

அவன் ஸ்குரூ டிரைவரை எடுத்தான். டியூனரின் எர்த் ஒயர் பேட்டரியின் நெகட்டிவ்வில் நேராக மாட்டியிருந்தது. அப்படித்தான் மாட்ட வேண்டும். அதைக் கழற்றி, பக்கத்தில் சட்டத்திலிருந்த ஒரு போல்ட்டில் வைத்து முடுக்கினான். அந்த இடம் முழுக்கப் பெயிண்ட். பெயிண்டுக்கு மேல் வைத்தால் எர்த் ஒழுங்காகக் கிடைக்காது. இது வேலை தெரியாதவர்கள் செய்கிற தப்பு. சாவியைப் போட்டான். மஞ்சள் விளக்கு எரிந்தது. அணையவில்லை.

அவன் திரும்பிக் கவுண்டரைப் பார்த்தான். நான் குனிந்து கீழ்த்தட்டில் யாரும் கேட்காத பல்பு ஒன்றைத் தேட ஆரம்பித்தேன். பார்க்காத மாதிரி நடிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஏன் தடுக்கவில்லை என்று கேட்பீர்கள். கண்ணாடி கடை லட்சணத்தைப் பார் என்று அவளிடம் காட்டப்போகிறான், அவள் மனசு மாறும், போக மாட்டாள். எனக்கும் அதுதானே வேண்டும்? பாவம் அவன் கணக்கில், பலன் எனக்கும். வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அவள் பையோடு வந்து நுழையும்போதே தம்பி ஆரம்பித்துவிட்டான்.

"வா, வா. ஒன் கண்ணாடி சாரோட வேலையப் பாரு. ஊரே மெச்சுது. எர்த்த எங்க குடுத்திருக்கான் பாரு, பெயிண்டு மேல! இத எந்த மடையன் மாட்டினான்? ரோட்டுல திடீர்னு வண்டி நின்னுச்சுன்னா? டாக்டர் பல்லு அவர் கையிலயே வந்திருக்கும். இவன்கிட்டதான் வேலைக்குப் போகப்போறியா?"

அவள் பையைக் கீழே வைத்துவிட்டு வண்டியைப் பார்த்தாள். நம்பர் பிளேட்டைப் பார்த்தாள். பிறகு குனிந்து அந்த ஒயரைப் பார்த்தாள். நிமிரும்போது முகம் வெளுத்திருந்தது.

"இத நான் மாட்டினேங்க."

தம்பியின் கையிலிருந்த டார்ச் எரிந்துகொண்டே தொங்கியது.

"போன வாரம் அம்மா வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனேனே, அங்க போகல. வேலை எப்படின்னு ஒரு நாள் வந்து பாருங்கன்னு சார் கூப்பிட்டாரு. இந்த வண்டிய முழுசா நாந்தான் பண்ணேன். கடைசியா எர்த் மாட்டறப்ப நீங்க போன் பண்ணீங்க. எங்க இருக்கன்னு கேட்டீங்க. அம்மா வீட்லன்னு பொய் சொன்னேன். சொல்லிட்டு, கை காலெல்லாம் படபடன்னு... அப்பதான் இப்படி மாட்டியிருக்கேன். பேட்டரில மாட்டினேன்னுதான் நெனச்சேன். ஞாபகமே அப்படித்தான் இருக்கு."

ஒட்ட வெட்டிய டையைப் பார்த்தும் கட்டின பெண்டாட்டியின் கை வேலை அவனுக்குத் தெரியவில்லை. தினமும் பார்க்கிற எனக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்கிற மாதிரியா இரண்டு பேரும் பார்த்தோம்? தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. இப்போது சொல்வான், இப்போது சொல்வான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் கையைத் துணியில் துடைத்தாள், துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாள்.

"பின்னால லாரி வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? மாட்டினது ஒரே வண்டி, அதுலயே இப்படி. எனக்கு இதெல்லாம் சரிப்படாதுங்க. சார்ட்ட வரலன்னு சொல்லிடறேன்."

போனை எடுத்தாள்.

எனக்கு வயிறு குளிர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன், குளுகுளுவென்று இருந்தது. இனி இவளும் என்னைப் போல இங்கேதான் இருப்பாள் என்று தோன்றியது. எவ்வளவு நேரம் அந்தச் சுகத்தில் இருந்தேன் என்று தெரியவில்லை.

அப்போது தம்பி எழுந்து அவள் தோளில் கை வைத்தான்.

"விடும்மா. தப்பு யாருக்கும் வரதுதான். மனசப் போட்டு ஒழப்பிக்காத. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். டாக்டர்கிட்டயும் சொல்ல மாட்டேன். இங்கயே இரு, நான் பாத்துக்கறேன்."

குரலில் அப்படி ஒரு பரிவு. அவள் அந்தக் கையின் மேல் கன்னத்தைச் சாய்த்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. திருடிவிட்டு, பறிகொடுத்தவளுக்கே ஆறுதல் சொல்கிறான்!

"போன வை" என்றேன்.

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"நீ பேட்டரிலதான் மாட்டியிருந்த. இவன்தான் கழட்டி அங்க மாத்தினான். சென்சார்ல தண்ணி போயிருந்தது, அவ்வளவுதான். காத்தடிச்சதும் லைட்டு அணைஞ்சிடுச்சு. அதுக்கப்புறம் இவன் செஞ்ச வேலை இது. என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

"அக்கா!" என்றான் தம்பி.

"என்னடா அக்கா? இல்லைன்னு சொல்லேன் பாப்போம்."

அவன் சொல்லவில்லை. "ஒன்னோட வேலைன்னு எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா அவன் மாட்டினதுன்னு நெனச்சுட்டேன்" என்று அவளிடம் சொன்னான். கேட்கவே கண்றாவியாக இருந்தது.

அவள் அவன் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. ஸ்குரூ டிரைவரை எடுத்து, எர்த் ஒயரைக் கழற்றி, முனையை உப்புத்தாளால் தேய்த்து, பேட்டரியில் மாட்டினாள். சாவியைப் போட்டாள். விளக்கு எரிந்து அணைந்தது. அணைந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போனில் கண்ணாடியைக் கூப்பிட்டாள்.

"சார், ஒயரம்மா பேசறேன். திங்கக்கிழமைலேந்து வரேன் சார்... ஆமா சார், வீட்ல சொல்லியாச்சு."

தம்பி பின்பக்கம் போய்விட்டான். குழாயைத் திறந்துவிட்டுக் கை கழுவும் சத்தம் வெகுநேரம் கேட்டது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. ஒரு வார்த்தையில் அவள் வாழ்க்கையைக் காப்பாற்றிவிட்ட பெருமை. வந்து கையைப் பிடித்துக்கொள்வாள், அண்ணி நீங்க இல்லைன்னா என்பாள் என்று காத்திருந்தேன்.

அவள் கவுண்டருக்கு வந்தாள். எனக்கு நேரே நின்றாள்.

"அவர் ஒயர மாத்தறப்பவே பாத்தீங்களா அண்ணி?"

"பாத்தேன்."

"நான் பழிய என் மேல போட்டுக்கிட்டப்ப?"

"இங்கதானே இருந்தேன்."

"அப்பல்லாம் ஏன் சொல்லல?"

கேட்டால் சொல்லத்தானே வேண்டும். "நீ போறது எனக்கும் பிடிக்கல" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள், கடையில் கேட்ட சாமான் இல்லை என்று சொன்னால் ஆட்டுவது போல.

"அவர் யாரோ மாட்டினதுன்னு நெனச்சு செஞ்சாரு அண்ணி. நீங்க என் மூஞ்சப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தீங்க."

சொல்லிவிட்டு டாக்டரின் வண்டியை மேடையிலிருந்து இறக்கினாள். ஸ்டார்ட் செய்து, ஓட்டிப் பார்க்கத் தெருவுக்குள் போனாள். முக்கு திரும்பும்வரை அந்த வண்டியின் சத்தம் ஒரே சீராகக் கேட்டது. அவ்வளவு நன்றாக மாட்டியிருந்தாள். என் வயிறு அப்போதும் எரிந்தது.