தீப்பெட்டி அளவு எச்சரிக்கை

எண்பதுகளின் தொடக்கத்தில் ஜாலான் புசார் சாலையில் தங்கராஜுவின் சாமான் கடைக்கு ஒரு புதுச் சரக்கு வந்தது. குழாய் அடைப்பை அரித்து எடுக்கும் வெள்ளைத் தூள், ஒரு பெரிய டிரம் நிறைய. டிரம்மோடு, செய்தித்தாள் அகலத்துக்கு ஒரு தாளும் வந்தது. எப்படிக் கலக்க வேண்டும், கண்ணில் பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று நான்கு மொழிகளில் விவரம். தங்கராஜு தூளைச் சின்னப் போத்தல்களில் அடைத்தார். தாளைப் போட்டோஸ்டேட் மெஷினில் சுருக்கு சுருக்கென்று சுருக்கித் தீப்பெட்டி அளவுக்குக் கொண்டுவந்து ஒவ்வொன்றிலும் ஒட்டினார். தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார்.

காப்பிக் கடையில் பாத்திரம் கழுவும் அந்தோனியம்மாள் ஒரு போத்தலை எடுத்துக் கண்ணருகே கொண்டுபோனாள்.

“ஒண்ணுமே தெரியலியேண்ணே. எப்படிப் போடணும்னு நாலு வரி பெரிசா எழுதி ஒட்டக் கூடாதா?”

“கம்பெனிக்காரன் எழுதினத ஒரு எழுத்து விடாம ஒட்டியிருக்கேன் லா. உனக்குக் கண்ணு தெரியலன்னா கண்ணாடிக் கடைக்குப் போ.”

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. மறுபடி கேட்க வாய் வராமல் வாங்கிக்கொண்டு போனாள். கேட்டிருந்தாலும் அவருக்குச் சொல்லத் தெரியாது. பெரிய தாளாக இருந்தபோதே அந்த மனிதர் அதைப் படிக்கவில்லை.

மறுநாள் காலை காப்பிக் கடைத் தொட்டியின் அடைப்பை எடுக்க ஒரு குவளையில் தூளைக் கொட்டி, அதன்மேல் கொதிநீரை ஊற்றினாள். தண்ணீரில்தான் தூளைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். தூள்மேல் தண்ணீர் ஊற்றவே கூடாது. லேபிளில் அது இருக்கத்தான் செய்தது. குவளை பொங்கிச் சீறி அவள் முகத்தில் அடித்தது. உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கண்ணைக் கழுவ வேண்டும் என்பதும் லேபிளில் இருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். தண்ணீர் பட்டுத்தானே பொங்கியது என்று பயந்து, துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்கள்.

இரண்டு கண்ணும் போயிற்று.

தங்கராஜு ஆரஞ்சுப் பழங்களோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். இரக்கம் ஒன்றும் இல்லை, போலீசில் தன் பெயர் வந்துவிடக் கூடாதே என்ற பதைப்புதான். கட்டிலருகே அவள் கணவன் இஞ்ஞாசி உட்கார்ந்திருந்தான்.

“லேபிள்ல எல்லாம் தெளிவா இருக்கும்மா. நீ படிக்காம செஞ்சிட்டு…”

கட்டுப்போட்ட முகம் குரல் வந்த பக்கம் திரும்பியது. “அந்தப் போத்தல அவர்கிட்ட குடுங்க. படிக்கட்டும், கேக்கிறேன்.”

டாக்டரிடம் காட்டக் கொண்டுவந்திருந்த போத்தலை இஞ்ஞாசி எடுத்துக் கொடுத்தான். தங்கராஜு அதை நீட்டிப் பிடித்தார், கிட்டே கொண்டுவந்தார், ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். வார்டே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“தெரியல” என்றார் கடைசியில். முதல்முறையாக அவருக்கு வெட்கமாக இருந்தது.

“கண்ணும் கண்ணாடியும் இருக்கிற உங்களுக்கே தெரியல” என்றாள் அந்தோனியம்மாள். “பெரிய தாள சின்னதாக்கி ஒட்டிட்டா சொன்னதா ஆயிடாதுண்ணே. எடம் சின்னதா இருந்தா, உயிருக்கு எது முக்கியமோ அத எடுத்துப் பெரிசா எழுதணும். கையில வாங்குறவ படிக்கணும்னு நெனச்சு எழுதணும். இது நான் படிக்க ஒட்டினது இல்ல. ‘லேபிள்ல இருந்துச்சே’ன்னு இன்னிக்கு வந்து சொல்றதுக்காக நீங்க ஒட்டினது.”