கதவு வரைக்கும் போன பேரம்

எழுமலை மொக்கையனின் வலதுபக்கக் கீழ்க் கடவாய்ப் பல்லின் விலை ஒரு லாரி உளுந்து. விலை வைத்தவர் சக வியாபாரி ஜெயக்கொடி. "அண்ணே, அந்தப் பல்ல மட்டும் கழட்டிக் குடுங்க, இப்பவே ஏத்திவிடுறேன்" என்று அவர் கேட்டபோது மொக்கையன் சிரிக்கவில்லை. லாரி சிறுசு என்று சொல்லி மறுத்துவிட்டார்.

மொக்கையனுக்கு எழுமலைக் கடைத்தெருவில் கடலை வியாபாரம். விவசாயி கொண்டுவரும் மூடைக்குள் கையை விட்டு ஒரு பருப்பை எடுப்பார்; அந்தப் பல்லில் வைத்துக் கடிப்பார். டக்கென்று உடைந்தால் காய்ந்த சரக்கு, பல்லில் மசிந்தால் ஈரம். ஈரம் பார்க்கும் மெஷினும் கடையில் உண்டு. அதன்மேல் துண்டு காயப்போடுவார். இடதுபக்கக் கடவாய் எப்போதோ காலியாகிவிட்டது. ஆக, மொத்த வியாபாரமும் அந்த ஒற்றைப் பல்லின் மேல்தான் உட்கார்ந்திருந்தது.

மனைவி முத்துத்தாய்க்குப் பல்வலி வந்ததால்தான் அவர் மதுரை ஆரப்பாளையம் பக்கம் மாடியில் இருந்த ஒரு பல் ஆஸ்பத்திரிக்குப் படியேறினார். டாக்டர் வித்யாஸ்ரீ, சௌராஷ்டிர வீட்டுப் பெண், முத்துத்தாயின் சொத்தையை அடைத்துவிட்டு, "இனிமே வருசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுனாப் போதும்மா" என்றார். பிறகு, வந்ததுதான் வந்தார் என்று மொக்கையனின் வாயையும் திறக்கச் சொல்லிப் பார்த்தார்.

"அண்ணே, நீங்க நாலு மாசத்துக்கு ஒருக்கா வரணும்."

மொக்கையனுக்குச் சுருக்கென்றது. "இதென்ன தாயி, ஒரே கடையில ரெண்டு விலை சொல்றீக?"

"அம்மா வாய் வேற, உங்க வாய் வேற. புகையிலை போடுறீங்க. ஈறு வீங்கியிருக்கு. கடைசிப் பல்லுல ஓட்டை விழ ஆரம்பிச்சிருக்கு, அத இப்பவே அடைச்சிறலாம்."

"நான் கடலை கடிக்கிற பல்லுக்குப் பின்னால சும்மா கெடக்குற பல்லு அது. வலியே இல்லாம எதுக்கு அடைக்க? ரெண்டு வருசம்னு வச்சுக்கங்க, வாரேன்."

"நாலு மாசம்."

"சரி, உங்களுக்கும் வேணாம் எனக்கும் வேணாம், ஒண்ணரை வருசம்."

"நாலு மாசம்ணே."

இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும் என்று மொக்கையனுக்குத் தெரியும். எந்த ஊர்ச் சந்தையிலும் நடப்பதுதான். துண்டை உதறித் தோளில் போட்டார். 'வேணாம்னா விடுங்க' என்ற முகத்தோடு எழுந்தார். ரொம்ப வேகமாகவும் போகக்கூடாது, ரொம்ப மெதுவாகவும் போகக்கூடாது. விற்பவர் யோசிக்க நேரம் கொடுத்து நடக்க வேண்டும். கதவருகே போய்ச் செருப்பைத் தேடுகிற மாதிரி நின்றார். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அடுத்து யாருங்க?"

படியிறங்கும்போது முத்துத்தாய்க்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "செருப்பு காலுலதான் கெடக்கு. இன்னும் என்னத்தத் தேடுறீக?"

"நீ சும்மா இரு புள்ள. கூப்பிடுவாக, பாரு."

கூப்பிடத்தான் செய்தார்கள். நாலாவது மாதம் போனில் மெசேஜ் வந்தது: பரிசோதனைக்கு வரவும். மொக்கையன் அதை முத்துத்தாய்க்கு வாசித்துக் காட்டினார். "வலிய வந்து கூப்பிட்டா என்ன அர்த்தம்? சரக்கு தேங்கிக் கெடக்குன்னு அர்த்தம். இன்னுங் கொஞ்சம் பொறுத்தா ஒரு வருசத்துக்கு இறங்கி வந்துருவாக." இரண்டு மாதம் கழித்து இன்னொரு மெசேஜ். அவருக்கு ஒரே கொண்டாட்டம். மூன்றாவதுக்குக் காத்திருந்தார். அது வரவேயில்லை. அப்போதுதான் லேசாக உதைத்தது. விற்பவர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டால், ஒன்று கடையை மூடியிருக்க வேண்டும், இல்லை அங்கே கூட்டம் அலைமோத வேண்டும்.

பங்குனி கடைசியில் விவசாயி விருமாண்டி கடலை கொண்டுவந்தார். மொக்கையன் வழக்கம்போல் ஒரு பருப்பைக் கடித்தார். காதுவரைக்கும் மின்னல் வெட்டியது. உடைந்ததா மசிந்ததா என்று எங்கே பார்ப்பது? கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது. விருமாண்டி முன்னால் பல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் நாளைக்கே ஜெயக்கொடி காதுக்குப் போய்விடும். "நல்லாக் காஞ்சிருக்கு மாப்ள, இறக்கு" என்றார். பத்து நாளில் குடோனைத் திறந்தால் பூசண வாடை மூக்கைத் துளைத்தது. மெஷின் மேல் கிடந்த துண்டை முத்துத்தாய் எடுத்து மடித்து வைத்தார். அந்த மடிப்பைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அன்றைக்கே பஸ் ஏறினார்.

வித்யாஸ்ரீ எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். "கடைசிப் பல்லு முழுசாப் போச்சுண்ணே. எடுத்துத்தான் ஆகணும். அதுலருந்து அதுக்கு முன்னாடி இருக்குற கடவாய்ப் பல்லுக்கும் சொத்தை தொத்தியிருக்கு."

"முன்னாடி பல்லா?" மொக்கையன் கடலை கடிக்கும் பல்லை விரலால் தொட்டுப் பார்த்தார். "தாயி, அது எந் தொழிலு தாயி."

"வேரு வரைக்கும் போகல. அடைச்சா நிக்கும். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தீங்கன்னா அதையும் சேர்த்து எடுக்க வேண்டியதுதான்."

அன்று கடைசிப் பல்லைப் பிடுங்கினார்கள். மறுவாரம் முன்னாடி பல்லைச் சுத்தம் செய்து அடைத்தார்கள். அடைப்பு மேடாக இருக்கிறதா என்று பார்க்க டாக்டர் நீலத் தாள் ஒன்றை நீட்டிக் கடிக்கச் சொன்னார். மொக்கையன் கண்ணை மூடினார். மெதுவாகக் கடித்தார். இன்னொரு தடவை கடித்தார்.

"என்னண்ணே, இடிக்குதா?"

"இல்ல தாயி. உங்க காகிதத்துல ஈரம் இருக்கு."

வித்யாஸ்ரீ சிரித்துவிட்டார். மொக்கையனுக்கு உயிர் திரும்பிவந்தது. கூடவே பழைய புத்தியும். "அன்னைக்கு நான் கதவு வரைக்கும் போனேன்ல, ஒரு வார்த்தை கூப்பிட்டா என்ன?"

"எங்கப்பா ஜவுளிக்கடைண்ணே. கதவுகிட்டச் செருப்பு தேடுறவுகளப் பார்த்துத்தான் வளர்ந்தேன். ஆனா எங்க கடை ஒரே விலைக் கடை. சேலைக்குச் சேலை விலை மாறும், ஆளுக்கு ஆள் மாறாது."

"அப்ப நாலு மாசந்தானா?"

"இல்ல. இப்ப மூணு."

"நாலுன்னுதான சொன்னீக!"

"அது அன்னைக்கு விலை."

இந்த வார்த்தையை மொக்கையன் எத்தனை விவசாயிகளிடம் சொல்லியிருப்பார்.

"ஈறு ஆறி, புகையிலையையும் விட்டீங்கன்னா விலை தானா இறங்கும்" என்றார் டாக்டர். "ஆறு மாசத்துக்கு ஒருக்கான்னு ஆகலாம். அம்மா மாதிரி ஒரு வருசங்கூட ஆகலாம். எங்கிட்டப் பேசிப் புண்ணியமில்ல, உங்க வாய்கிட்டப் பேசுங்க."

இந்தத் தடவை அவர் கதவருகே நிற்கவில்லை. நேராகப் படியிறங்கினார். கீழே பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் முத்துத்தாய் காத்திருந்தார்.

"என்னங்க, கடைசில எம்புட்டுக்கு முடிஞ்சது?"

மொக்கையன் விரல் மடக்கினார். "செலவு ஒரு பல்லு. மிச்சம் ஒரு பல்லு. கூப்பிட்டும் போகாம விட்ட ரெண்டு தடவை டாக்டருக்கு வராக்கடன், அத அவுக எழுதித் தள்ளிட்டாக. நான் குடுக்க வேண்டிய பாக்கி, ஆடியில ஒரு நடை, ஐப்பசியில ஒரு நடை, தையில ஒரு நடை."