அரியரத்தினத்துக்கு நாலு பேர்

2012 டிசம்பர் 21. அன்றைக்கு உலகம் அழியப்போகிறதென்று வானொலியில் ஒரே பகிடி. அழிந்தால் அழியட்டும் என்றுதான் எனக்கும் இருந்தது. காலை எட்டரை மணி. வருசத்திலேயே மிகக் குறுகிய பகல், இன்னும் சரியாக விடியவில்லை. பாரிஸுக்கு வடக்கே ஒரு தகனசாலையின் வாசலில் நானும் ஒரு சவப்பெட்டியும் கறுப்புக் கோட்டுப் போட்ட பிரெஞ்சுக்காரன் ஒருவனும் மட்டும் நின்றோம்.

இன்னும் யாராவது வருவார்களா என்று அவன் கேட்டான். வருவார்கள் என்றேன். வாய்தான் சொன்னது.

பெட்டிக்குள் கிடந்தவர் எங்கள் கட்டடத்தின் ஐந்தாம் மாடிக்காரர். பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில், ஒரு சாப்பாட்டுக் கடையில் இருபது வருசம் கோப்பை கழுவியவர். பின்னேரங்களில் குலசிங்கத்தின் மரக்கறிக்கடை வாசலில் நின்று, பிரெஞ்சு தெரியாத சனங்களின் கடிதங்களை வாசித்துக் கொடுப்பார். ஒரு தேத்தண்ணி தவிர ஒன்றும் வாங்கமாட்டார். மனைவி ஊரிலேயே செத்துவிட்டாள். ஒரே மகன் ஜெனோசன், யுத்தம் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு இருக்கிறானா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "புஸ்பராணி, நான் செத்தால் நோட்டீசிலை என்ரை சொந்தப் பேரைப் போடு பிள்ளை. மகன் எங்கையாவது இருந்தால் அந்தப் பேரைத்தான் தேடுவான். என்னைத் தனிய அனுப்பிப்போடாதை. ஒரு நாலு பேராவது நிக்கோணும்."

"நாலென்ன, நாப்பது பேர் வருவினம். பேசாமல் படுங்கோ" என்றேன்.

சொன்னபடி செய்தேன். அவருடைய சூட்கேசில் ஒரேயொரு படம்தான் கிடந்தது, அடர்ந்த மீசையோடு இருபத்தைந்து வயதில் எடுத்தது. அதைப் போட்டு, கீழே 'அமரர் அரியரத்தினம்' என்று அச்சடித்து, குலசிங்கத்தின் கடைக் கண்ணாடியிலும் இன்னும் ஆறு கடைகளிலும் ஒட்டினேன். ஐந்து நாளாக ஒரு குருவிகூட விசாரிக்கவில்லை. நானும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. கண் இருக்கிறதுதானே, வாசிக்கட்டும் என்ற கோபம். நன்றி கெட்ட சனங்கள் என்று மனதுக்குள் எல்லாரையும் திட்டித் தீர்த்தேன்.

கறுப்புக் கோட்டுக்காரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். எனக்குப் பொறுக்கவில்லை. குலசிங்கத்துக்குப் போன் அடித்தேன்.

"உங்களுக்கெல்லாம் நெஞ்சிலை ஈரம் இருக்கோ? பிலிப் அண்ணை இஞ்சை அநாதைப் பிணமாய்க் கிடக்கிறார். நீ அங்கை கத்தரிக்காய் நிறுத்துக்கொண்டு நிக்கிறாய்!"



"ஐயோ, என்னக்கா சொல்லுறியள்? பிலிப் அண்ணை செத்துப்போனாரோ? ஆளைக் காணேல்லை எண்டு ஒரு கிழமையாய் எல்லாரும் தேடுறம்!"

"அப்ப உன்ரை கண்ணாடியிலை ஒட்டிக்கிடக்கிறது ஆர்?"

"அது ஆரோ அரியரத்தினமல்லோ..."

படியில் இருந்துவிட்டேன். அவர் பாரிஸ் வந்த புதிதில், கனடாவுக்குப் போன ஒரு மன்னார்க்காரனின் வதிவிடக் கார்ட்டை வைத்துத்தான் வேலைக்குப் போனார். கார்ட்டில் பேர் பிலிப். முதலாளிக்குப் பிலிப், சனத்துக்கும் பிலிப். அந்தக் கார்ட்டில் பிலிப்புக்குப் பிள்ளை கிடையாது, அதனால்தான் மகனைக் கூப்பிட முடியாமலே போயிற்று. எனக்கே ஆஸ்பத்திரியில்தான் சொந்தப் பேர் தெரியவந்தது. அதைச் சனத்துக்கும் சொல்லவேண்டும் என்று இந்த மண்டைக்குத் தோன்றவில்லையே!

பிரெஞ்சுக்காரனைக் கும்பிட்டேன். அழுகையில் பாஷை எல்லாம் மறந்துபோயிற்று. பேர் பிழை, பேர் பிழை என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவனுக்கு என்ன விளங்கியதோ, உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்து, பத்து மணிவரை பொறுக்கலாம் என்றான்.

மெல்ல விடிந்தது. குலசிங்கம் மரக்கறி ஏற்றும் வான் வண்டியில் ஒன்பது பேரை அடைத்துக்கொண்டு வந்தான். சமையல்காரர்கள் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வந்தார்கள். எபினேப் புறநகரிலிருந்து யசோதினி என்றொருத்தி கைக்குழந்தையோடு ஓடிவந்தாள். "இந்தப் பிள்ளையின்ரை பேப்பர் எல்லாம் அண்ணைதானக்கா நிரப்பித் தந்தவர்" என்று என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். பத்து மணிக்கு இருபத்தேழு பேர் நின்றோம்.

தகனசாலைக்காரர்கள் பெட்டியைத் தள்ளுவண்டியில் உருட்டப் பார்த்தார்கள். குலசிங்கம் மறித்தான். நாலு பேர் தோளில் எடுத்தார்கள். பிலிப் அண்ணை, பிலிப் அண்ணை என்று எல்லாரும் குழறினார்கள். அரியரத்தினம் என்று கூப்பிட்டு அழ அங்கே என்னைத் தவிர ஒருவரும் இல்லை. ஒரு தரம் கூப்பிட்டேன். 

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்ததும், வழக்கப்படி நோட்டீசைக் கழற்றக் கடைக்குப் போனேன். பேருக்குக் கீழே யாரோ நீலப் பேனையால் 'எங்கடை பிலிப் அண்ணை' என்று எழுதி, குலசிங்கத்தின் போன் நம்பரையும் போட்டிருந்தார்கள். ஓரத்தில் பிடித்து உரிக்கப் பார்த்தேன்.

"விடுங்கோ அக்கா" என்றான் குலசிங்கம். "பொடியன் தேடி வந்தால் ஆரிட்டைக் கேக்கிறது?"

ஒவ்வொரு டிசம்பர் இருபத்தோராம் திகதியும் நாங்கள் அஞ்சாறு பேர் கடை வாசலில் கூடுகிறோம். தேத்தண்ணி குடித்துவிட்டு, வெயிலில் வெளிறிப்போன நோட்டீசைக் கழற்றி, புதிதாய் அச்சடித்ததை ஒட்டுகிறோம். அவரின் இரண்டு பெயர்களும் அதில் இருக்கின்றன. ஜெனோசன் இன்னும் வரவில்லை.