இடது காதில் ஐந்து விதைகள்

சனிக்கிழமை காலை கே யூலினின் காது வைத்திய அறையில் நான்கு பேர் இருந்தார்கள். ஜன்னலோர நாற்காலியில் பேருந்து ஓட்டுநர் சூ போரென். பக்கத்து முக்காலியில், மடியில் தேநீர்க் குடுவையோடு அவர் மனைவி மெய்ட்ஷென். வாசலை ஒட்டிய பெஞ்சில், தொப்பியைக் கழற்றாமலே பணிமனை மேலாளர் லியாவ். நடுவில், உருளும் நாற்காலியில் யூலின்.

பூலி நகரிலிருந்து மலைக்குப் போகும் விடியற்காலப் பேருந்து போரெனுடையது. தூக்கம் சரியில்லை என்று பதினாறு நாளுக்கு முன் வந்தார். யூலின் அவருடைய இடது காது மடலில், தூக்கத்துக்கான புள்ளிகளின் மேல், கடுகளவு விதைகள் ஐந்தை வைத்துப் பிளாஸ்திரி ஒட்டி, தினமும் அழுத்திவிடச் சொன்னாள். அரைகுறையாக வந்துகொண்டிருந்த தூக்கமும் அதோடு போய்விட்டது. புதன்கிழமை, வண்டியைக் கிளப்பும் நேரத்தில் ஸ்டியரிங் மேலேயே தலை கவிழ்ந்தார். லியாவ் அவரை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்.

"தலைமை அலுவலகத்துல இதை நோய்னு எழுதிட்டா, இனிமே இவரு டிக்கெட் கவுண்டர்லதான் உட்காரணும். இருபத்திரண்டு வருஷம் மலையேறின ஆளு, அதான் நானே வந்தேன். தூக்கம் சரியாயிடுச்சுன்னு அடுத்த சனிக்குள்ள உங்க கடிதம் வேணும், டாக்டரம்மா," என்றார் லியாவ்.

"விதை போட்டு ரெண்டு வாரம் ஆச்சு. முளைக்கவும் இல்ல, தூக்கமும் வரல," என்றாள் மெய்ட்ஷென்.

"நீ சும்மா இரு," என்றார் போரென், கொட்டாவிக்கு நடுவில்.

யூலின் அவர் காதைத் திருப்பிப் பார்த்தாள். ஐந்து இடமும் சிவந்து குழி விழுந்திருந்தன. விரலால் அழுத்தினால் இப்படி ஆகாது.

"அண்ணே, எந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுப்பீங்க?"

"இடது பக்கம்தான். வலது பக்கம் திரும்பினா இவ குறட்டை நேரா காதுக்குள்ள வரும்."

"ஆமா, உங்க வண்டி என்ஜினைவிடவா?" என்றாள் மெய்ட்ஷென்.

லியாவ் வாய்விட்டுச் சிரித்தார். யூலினுக்குச் சிரிப்பு வரவில்லை. எந்தக் கையால் அழுத்துவீர்கள் என்று முதல் நாளே கேட்டவள், எந்தக் காதின் மேல் படுப்பீர்கள் என்று கேட்கவில்லை. இரவெல்லாம் விதைகள் தலையணையில் நசுங்கிக் குத்தியிருக்கின்றன.

"வலிச்சதுன்னு ஏன் சொல்லல?"

"வலிச்சாதான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்னு நெனைச்சேன்."

"தப்பு என்னோடது," என்று சொல்லி ஐந்தையும் எடுத்தாள். வலது காதில் மூன்று மட்டும் ஒட்டினாள். "இது குத்தினா பிச்சுப் போட்டுடுங்க. என் முகத்துக்காகப் பொறுத்துக்காதீங்க."

வியாழக்கிழமை மெய்ட்ஷென் மட்டும் வந்தாள். "முதல் ராத்திரி புரண்டாரு. அப்புறம் நாலு ராத்திரியும் ஏழு மணி நேரம். எழுப்பினா சண்டைக்கு வர்றாரு!"

யூலின் கடிதத்தாளை எடுத்தாள். 'சிகிச்சைக்குப் பின் தூக்கம் சீராகிவிட்டது' என்று எழுதினாள். அதோடு முடித்திருக்கலாம். ஆனால் அப்படி முடித்தால், ஸ்டியரிங்கில் கவிழ்ந்த தலை போரெனின் நோயாகவே கோப்பில் நின்றுவிடும். அடுத்த வரியை எழுதினாள்: 'நடுவில் அது மோசமானதற்கு, படுக்கும் பக்கத்தைக் கேட்காமல் நான் விதை ஒட்டியதே காரணம். அவர் மேல் குறையில்லை.'

மெய்ட்ஷென் எட்டிப் படித்தாள். "ஐயோ, இப்படி எழுதினா நாளைக்கு உங்ககிட்ட யாரு வருவாங்க?"

"வர்றவங்ககிட்ட இனிமே முதல்ல இதைக் கேட்பேன்."

பெயர் முத்திரையைச் சிவப்பு மையில் தொட்டுக் கடிதத்தின் அடியில் பதித்தாள். பணிமனை முகவரி எழுதிய உறையில் போட்டு, ஓரத்தைப் பசையால் ஒட்டி, தெருமுனைக்கு நடந்துபோய் விரைவுத் தபாலுக்கான சிவப்புப் பெட்டியில் போட்டாள்.